எனக்குக் குடலிறக்கம் இல்லை

எனக்கு வந்தது குடலிறக்கம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். செக்காலையில் எங்கள் தெருவில் இன்னும் சில பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் செய்தது உடம்பு குறைக்கிற ஆபரேஷன். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் தடிமனுக்குக் குழாய் மாதிரித் தைத்து வைத்திருக்கிறார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் செய்தது. கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி, நானே சம்மதம் கொடுத்துச் செய்தது. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெட்கம் என் மகனுக்கு.

நான் பெரிய உடம்புக்காரி. இரண்டாவது பிள்ளை பிறந்ததற்குப் பிறகு பெருத்தேன். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் யாரும் என் உடம்பைப் பற்றி என் காதில் விழப் பேசியதில்லை. அவர் போன பிறகு ஊருக்கு வாய் திறந்துகொண்டது. நானும் பொருட்படுத்தவில்லை. வயல் வேலைக்கு ஆள் கூப்பிட்டதிலிருந்து, நெல்லை அளந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது வரை இந்த உடம்பை வைத்துத்தான் செய்தேன். பிறகு முழங்கால் போனது. எலும்பு டாக்டர், மூட்டு மாற்ற வேண்டும், ஆனால் இந்த எடைக்கு மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். சர்க்கரை வேறு. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது என்று சோதனை செய்து சொன்னார்கள். அப்படித்தான் மதுரைக்குப் போனேன். அழகுக்குப் போகவில்லை.

இதை எல்லாம் சொல்ல வைத்தது ஒரு பந்தி. அதைச் சொல்வதற்கு முன்னால் என் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகளைத் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறோம். மருமகன் நல்ல பிள்ளை. அவருடைய அம்மாவுக்கு நாக்குதான் கொஞ்சம் நீளம். மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தபோது பந்தியில் என்னைப் பார்த்து, பரிமாறுகிற ஆளிடம், "மதினிக்கு ரெண்டு எலையாப் போடுப்பா, ஒண்ணு காணாது" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. நான் இலையைத் தொடாமல் எழுந்து வந்தேன். மகளையும் பிரசவத்துக்குக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்துவிட்டால் அந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம். மறுபடி போய்ச் சாப்பிட்டால்தான் உறவு ஒட்டும். வாயால் எத்தனை சமாதானம் பேசினாலும் கணக்கில் வராது. பேரன் பிறந்து, மகள் அங்கே திரும்பிப் போன பிறகு, "எங்க வீட்டுல கை நனைக்காதவுக வீட்டுக்கு எங்க பிள்ளை எதுக்குப் போயித் தங்கணும்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். மகள் வருவாள், காலையில் வந்து பொழுது சாய்வதற்குள் போய்விடுவாள். அதற்குப் பிறகு என் பேரன் என் வீட்டில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. அவன் தத்தித்தத்தி நடந்ததை நான் போனில்தான் பார்த்தேன்.

இந்த நிலையில்தான் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் என்னை உட்கார வைத்துப் பேசினாள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க என்றே அந்த ஆஸ்பத்திரியில் ஆள் வைத்திருக்கிறார்கள். என் மகனும் பக்கத்தில் இருந்தான்.

"அம்மா, வெட்டித் தைக்கிறதுதான் எங்க வேலை. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் உங்க வேலை" என்றாள்.

"சொல்லு தாயி."

"கோபம் வந்தா நிறையச் சாப்பிடுவீங்களா?"

"கோவம் வந்தா எலையை விட்டு எந்திரிச்சுருவேன்."

அவள் சிரித்தாள். பிறகு, "உங்களைச் சாப்பிடு சாப்பிடுன்னு வற்புறுத்தறவங்க யார் யாரு?" என்று கேட்டாள்.

"எங்க ஊரே அதுக்குத்தானே இருக்கு."

"அப்ப எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிவச்சிருங்கம்மா. இன்ன ஆபரேஷன், இவ்வளவுதான் சாப்பிட முடியும்னு. சொல்லலைன்னா பாசத்துலயே உங்களைப் படுக்க வச்சிருவாங்க. சார், நீங்களும் சொல்லிவைங்க."

என் மகன் தலையை ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான். பாங்கில் வேலை பார்க்கிறவன், எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழக்கம்.

வீட்டுக்கு வந்து நான் தயாரானேன். ஈரல் சுருங்க வேண்டும் என்று சோற்றை நிறுத்தி மோரும் பருப்புத் தண்ணீரும் ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாவுமாகக் குடித்தேன். வெற்றிலையையும் புகையிலையையும் விட்டேன். அதை விட்டதுதான் சோற்றை விட்டதைக் காட்டிலும் கஷ்டம். பந்து மேலே ஏறுகிற ஒரு டப்பாவைக் கொடுத்து இழுத்து இழுத்து மூச்சுப் பழகச் சொன்னார்கள், பழகினேன். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுத்துத்தான் குடிக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் முன்னாலேயே பழகிக்கொண்டேன். எதையும் வாயிலேயே கூழாக்கித்தான் விழுங்க வேண்டும். பருப்பைக் கூட மென்று பார்த்தேன். மருமகள் அடுப்படியில் அப்பளம் பொரிக்கும்போது நான் வாசலுக்குப் போய்விடுவேன். பொரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் இல்லை, அவர்களுக்குத் தானாகத் தோன்றியதும் இல்லை.

நான் என் பங்கை ஒழுங்காகச் செய்தேன். ஊருக்குச் சொல்கிற வேலை ஒன்றை மகனிடம் விட்டிருந்தேன். அதை அவன் எப்படிச் செய்தான் என்பது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மானகிரியிலிருந்து என் தங்கச்சி தூக்குச்சட்டியோடு வந்தாள். மூடியைத் திறந்தால் எண்ணெய் மிதக்கிற ஆட்டுக்கால் சூப்பு.

"குடலெறக்க ஆபரேஷனுக்கு இதை விட்டா வேற மருந்து இல்லக்கா. மடக்கு மடக்குன்னு குடி."

"யாருக்குடி குடலெறக்கம்?"

"உனக்குத்தான். மகன் போன்ல சொன்னானே."

கதவோரம் நின்ற என் மகன் கண்ணைக் காட்டினான். தங்கச்சி போன பிறகு அவனைக் கூப்பிட்டேன். வயிற்றில் தையல், சத்தமாகப் பேசினால் இழுக்கும். அந்த நேரத்தில் மெதுவாகப் பேச வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமை.

"எதுக்குடா பொய் சொன்னே?"

"பின்ன என்னம்மா சொல்லச் சொல்றே? தின்னு தின்னு பெருத்து, அதை வெட்டி எடுக்க மதுரைக்குப் போனாகன்னா சொல்றது? பாங்குல என்னையக் கேலி பண்ணிச் சாகடிச்சுருவாங்க."

"தின்னது நான். உன்னைய எதுக்குடா கேலி பண்றாக?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. என் தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன், அங்க மாமியார் வீட்டுல மூச்சு விடக்கூடாதுன்னு."

எனக்குப் புரியாதாம். என் வயிற்றில் என்ன நடந்தது என்பது எனக்குப் புரியாது, அதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்பது அவனுக்குப் புரியும். அவனைப் பெற்றதும் இந்த வயிறுதான்.

அந்தப் பொய் எனக்குச் செய்த வேலையைக் கேளுங்கள். குடலிறக்கம் என்று கேட்டவர்கள் எல்லாரும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாட்டுக்கோழி ரசம், வெந்தயக் களி, அதிரசம். மருந்துக் குப்பியின் மூடி அளவுக்குத் தண்ணீரை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தவள் முன்னால் வந்து உட்கார்ந்து, "ஒரே ஒரு வாய்" என்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடும். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் பால்பணியாரத்தைப் பிட்டு வாயில் திணித்துவிட்டாள். பாசம்தான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சுருண்டு படுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்த நெடியில் இருமி, தையல் இழுத்து, நான் கண்ணீர் விட்டது வேறு கதை. உள்ளே கொஞ்சூண்டு இரைப்பைதான் இருக்கிறது, சர்க்கரையை அது தாங்காது என்று தெரிந்திருந்தால் அந்த அம்மா திணித்திருக்க மாட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தும் வாயைத் திறக்காத என் மகன் மேல்தான்.

பிறகு உடம்பு இறங்க ஆரம்பித்தது. சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார்கள். மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அதே நேரத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது, கையில் தோல் துணி மாதிரித் தொங்கியது. இது எல்லாம் வரும் என்று அந்தச் சின்னப் பெண் சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. ஊர்தான் பதறியது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவள் எதற்கு இப்படி உருகுகிறாள் என்று பேச்சு வந்தது. பெரிய வியாதி, வீட்டில் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். காய்கறி வாங்கப் போன இடத்தில் தெரிந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தளர விட்றாதீக" என்று அழுதாள். நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதை மகனிடம் சொன்னேன். அவன் சொன்னது: "விடும்மா. அனுதாபப்படத்தானே செய்றாக. சிரிக்கலையில்ல."

அம்மா சாகப் போகிறாள் என்று ஊர் நினைத்தால் அவனுக்குப் பரவாயில்லை. அம்மா தின்று பெருத்தவள் என்று நினைத்தால்தான் அவனுக்கு அவமானம். அன்றைக்கு நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பான், எடுத்துக்கொள்வேன். பேச மாட்டேன்.

அப்போதுதான் மகள் போன் செய்தாள்.

"அம்மா, பிள்ளைக்கு முடி எடுத்துக் காது குத்தப் போறாக. கெடா வெட்டு. அத்தையே வாயத் தொறந்து சொல்லிட்டாக, ஒங்க அம்மா வந்து பந்தியில உக்காந்து கை நனைச்சிட்டா பழசையெல்லாம் விட்டுருவோம்னு. நீ வந்துரும்மா. கொஞ்சமாவது சாப்பிட்டுரும்மா."

"விசயத்த உன் மாமியாட்டச் சொல்லிட்டியா?"

"அண்ணன் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கு."

போகாமல் இருக்க முடியுமா? தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும். மாமன் வீட்டுச் சீர்த் தட்டுகளோடு காரில் கிளம்பினோம். ஓட்டிக்கொண்டே மகன் எனக்குப் பாடம் எடுத்தான். "எலையில கொஞ்சம் கொழப்பி வச்சுக்கிட்டு வாயை அசைச்சுக்கிட்டே இரு. பக்கத்துலதான் இருப்பேன். யாரும் பாக்காதப்ப நான் எடுத்துத் தின்னுர்றேன்." நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயில் பொட்டலில் கொட்டகை போட்டு, நீள மேசைகளில் தாள் விரித்திருந்தார்கள். பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, காது குத்தி, அவன் அழுது ஓய்ந்த பிறகு முதல் பந்தி. அந்தப் பக்கத்து வழக்கம், முதல் பந்தி தாய்மாமன் வீட்டாருக்கு. சம்பந்தியே நின்று பரிமாற வேண்டும். பந்தியில் மூத்தவர் சாப்பிட்டு எழுகிற வரைக்கும் மற்றவர்கள் கை காய்ந்தாலும் எழக்கூடாது. எங்கள் பக்கத்தில் மூத்தவள் நான்.

சம்பந்தி வந்தாள். பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டியோடு. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள். நான் பாதி ஆளாகத்தானே இருந்தேன். பிறகு சோற்றைக் குவித்தாள்.

"போதும் மதினி."

"என்ன மதினி, குருவிக்கு வைக்கிற மாதிரி. கையை எடுங்க."

குழம்பை ஊற்றினாள். எலும்புக் கறி, குடல், ஈரல், முட்டை எல்லாம் வந்தது. ஈரலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். மற்றவர்கள் மளமளவென்று சாப்பிட்டார்கள். அவர்கள் ரசத்துக்குப் போய்விட்டார்கள், என் இலையில் குவியல் அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்து மகனின் கை என் இலைப் பக்கம் ஊர்ந்து வந்தது. நான் முழங்கையால் தள்ளிவிட்டேன்.

சம்பந்தி எதிரே வந்து நின்றாள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"எங்க வீட்டுக் கறி எறங்கலையா மதினி? இல்ல, பழைய கோவந்தான் இன்னும் எறங்கலையா?"

கொட்டகைக் காலில் சாய்ந்து, மொட்டைத் தலைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மகள் நின்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு பேர் நடுவில் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் முந்திக்கொண்டான். "இல்ல அத்தை, குடலெறக்க ஆபரேஷன். அதான் அம்மாவுக்கு..."

"குடலெறக்கமா? எங்க வீட்டுக்காரருக்கும்தான் பண்ணுனாக. மறு மாசமே முழுக் கோழியத் தின்னு தீத்தாரு. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிருங்க தம்பி, எதுக்குச் சாக்கு."

நான் வாயில் இருந்ததை மென்று முடித்தேன். முடிக்காமல் பேச முடியாது. பிறகு சொன்னேன்.

"மதினி, இவன் சொல்றது பொய். எனக்கு ஒடம்பக் கொறைக்கிற ஆபரேஷன் பண்ணிருக்கு. எரப்பையில பெரும்பாதிய வெட்டி எடுத்துட்டாக. மூட்டு மாத்தணும், சர்க்கரை கொறையணும், அதுக்காக நானே போயிப் பண்ணிக்கிட்டேன். கோவம் இருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன், ஒங்களுக்கே தெரியும்."

ரச வாளியோடு ஒருவன் அப்படியே நின்றுவிட்டான். பந்தியில் யாரோ, "நல்லா இருக்குற வயித்தையா வெட்டுவாக?" என்று கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். சம்பந்தி திரும்பி மருமகளைப் பார்த்தாள். "நெசமாவாடி?" என் மகள் ஆமாம் என்று தலையசைத்து அழுதாள்.

"இன்னொரு எலை கொண்டாங்க" என்றேன். கொண்டுவந்தார்கள். குவியலை நானே அதற்கு மாற்றினேன். என் இலையில் கொஞ்சம் சோறும், ஈரல் துண்டுகளும், பாதி முட்டையும் வைத்துக்கொண்டேன்.

"இதுதான் மதினி என் பங்கு. இதுல ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேன். ஆனா என் வேகத்துக்குத்தான் சாப்பிடுவேன். பந்தி இருக்கட்டும்."

பந்தி இருந்தது. வேறு வழியில்லை, மூத்தவள் எழவில்லை. எல்லாரும் பாயசம் வரைக்கும் முடித்துவிட்டு, காய்ந்த கையை இலை மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் நாற்காலிகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் நாற்காலியைப் பிடித்திருந்த ஆள் பசியில் பெருமூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது. நிற்கட்டும் என்று மென்றேன். இத்தனை காலம் நான் வேகமாகச் சாப்பிட்டாலும் பேசினார்கள், நிறையச் சாப்பிட்டாலும் பேசினார்கள், சாப்பிடாமல் எழுந்தாலும் பேசினார்கள். இப்போது உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு வாய் ஈரலைக் கூழாக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று என் மகனும் பார்க்கட்டும். அவன் விரல்களில் குழம்பு காய்ந்து வெடித்திருந்தது.

சம்பந்தி நகரவில்லை. கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் எதிரிலேயே நின்றாள். நடுவில் ஒருமுறை தண்ணீர்த் தம்ளரை நகர்த்தினாள். "தண்ணி இப்பக் குடிக்கக்கூடாது மதினி" என்றேன். "அதுவும் கூடாதா" என்று திரும்ப எடுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவன், "ஆத்தா, கொஞ்சம் கருணை காட்டுங்க" என்றான். அவனை அவளே அதட்டினாள். "பொறுய்யா. அவுக எங்க வீட்டுல கை நனைச்சே வருசக்கணக்காச்சு. ஒனக்கென்ன அவசரம்."

கடைசிப் பருக்கையையும் எடுத்துவிட்டு இலையை என் பக்கமாக மடித்தேன். நாற்காலிகள் ஒரே நேரத்தில் இழுபட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

கை கழுவுகிற இடத்தில் சம்பந்தியே சொம்பில் தண்ணீர் ஊற்றினாள். என் கையில் தொங்குகிற தோலைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள்.

"வலிச்சுச்சா மதினி?"

"வெட்டுனது வலிக்கல."

அவள் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினாள். பிறகு, "அடுத்த விசேசத்துக்கு ஒங்களுக்கு விடியவே எலை போட்டுர்றேன். மத்தியானப் பந்திக்குள்ள முடிச்சிருவீக" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டவில்லை. அவளே என் மகளைப் பார்த்து, "ஒங்க அம்மாவோட போயிப் பத்து நாள் இருந்துட்டு வா. பிள்ளைக்குக் காதுப் புண்ணுக்கு மருந்து எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆட்கள் இல்லை நாங்கள் இரண்டு பேரும்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் மகளும் பேரனும். பிள்ளை என் மடியில் தலை வைத்துத் தூங்கினான். எனக்கு மடி என்று ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது, முன்பு வயிறுதான் அந்த இடத்தில் இருந்தது. கார் ஓட்டிக்கொண்டே மகன் ஆரம்பித்தான்.

"அத்தனை பேரு முன்னாடி மானத்தை வாங்கிட்டியேம்மா."

"யாரு மானத்தை?"

அத்தனை நாளைக்குப் பிறகு நான் அவனோடு பேசிய முதல் பேச்சு அதுதான். திருப்பத்தூர் தாண்டியதும் நான் ஆஸ்பத்திரி மாவு குடிக்கிற நேரம் வந்தது. "ஒரு டீக்கடையில நிப்பாட்டு" என்றேன். இத்தனை நாளும் அந்த மாவை வீட்டுக்கு வெளியே எடுக்க அவன் விட்டதில்லை.

"வீட்டுல போயிக் குடிச்சுக்கிரலாமே."

"நிப்பாட்டுடா."

நிறுத்தினான். மகளின் மடிக்குப் பிள்ளையை மாற்றிவிட்டு, நானே இறங்கி, கடைக்கு முன்னால் நின்று டப்பாவைத் திறந்து மாவைக் கலக்கினேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா அது, ஹார்லிக்ஸா?"

"இல்லப்பா. எனக்கு வயித்துல ஆபரேஷன். சொல்றேன் கேளு" என்று பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மகன் ஹாரன் அடித்தான். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.